லண்டன்–சென்னை: தாமதத்துக்கும் விலை உண்டு

சென்னையிலிருந்து வளைகுடா வழியாக லண்டன் போய் வருபவர்கள் பலருக்கு இது தெரியாது. ஒரே டிக்கெட், ஒரே நிறுவனம். ஆனாலும் போகும்போது இல்லாத உரிமை திரும்பும்போது இருக்கிறது. பிரிட்டனிலிருந்து கிளம்பும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதானாலும் தாமதத்துக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அங்கே போய் இறங்கும் விமானம் என்றால், அது பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனத்துடையதாக இருந்தால்தான் கேட்க முடியும். நம் விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ விதிகளில் சாப்பாடு உண்டு, நெடுநேரம் தாமதமானால் ஹோட்டலும் உண்டு. தாமதத்துக்கென்று பணம் கிடையாது.

ஒருமுறை ஹீத்ரோவில் 'டெக்னிக்கல் பிரச்னை' என்று எங்களை உட்கார வைத்துவிட்டார்கள். வளைகுடாவில் பிடிக்க வேண்டிய விமானம் போய்விட்டது. சென்னை வந்து சேர அரை நாள் தாமதம். ஹீத்ரோ கவுன்ட்டரில் ஒரு சாப்பாட்டுக் கூப்பன் நீட்டினார்கள். ஒரு சாண்ட்விச், ஒரு காபி, அதோடு தீர்ந்தது. "இதை வாங்கிட்டா அப்புறம் எதுவும் கேட்க முடியாதாமே, தம்பி?" என்றார் வரிசையில் நின்ற ஒரு அம்மா. அப்படி இல்லை. சாப்பாடு வேறு, நஷ்டஈடு வேறு. பணத்துக்குப் பதிலாக டிராவல் வவுச்சர் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்றால் மட்டும் உஷாராக இருங்கள்.

3,500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணத்தில் 4 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் 520 பவுண்டு. 3 மணி நேரத்திலிருந்து 4 மணி நேரத்துக்குள் என்றால் பாதி. எப்போது கிளம்பியது என்பது கணக்கே இல்லை. கடைசி ஊருக்கு எப்போது வந்தோம் என்பதுதான் கணக்கு. ஒரே புக்கிங்கில் வளைகுடாவில் மாறினாலும் சென்னைதான் கடைசி ஊர் என்று 2017-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வந்து சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரமல்ல, கதவு திறந்த நேரம் என்கிறது ஐரோப்பிய நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பு. மூன்றே முக்கால் மணி, நாலு மணி என்று இழுபறி வரும்போது தரையைத் தொட்டதற்கும் கதவு திறந்ததற்கும் நடுவிலுள்ள சில நிமிடங்களுக்கு 260 பவுண்டு மதிப்பு. கதவு திறந்ததும் மொபைலில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

நிறுவனத்தின் வெப்சைட்டிலேயே விண்ணப்பித்தேன். ஏஜென்ட் வேண்டாம், கிடைப்பதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். முதல் பதில் 'அசாதாரணச் சூழ்நிலை, அதனால் பணம் கிடையாது' என்று வந்தது. மோசமான வானிலை, வான்வழிக் கட்டுப்பாடு என்றால் அது நியாயம். வழக்கமான இயந்திரக் கோளாறு அந்தக் கணக்கில் வராது என்று 2014-லேயே தீர்ப்பு இருக்கிறது. அதைச் சொல்லி, காரணத்தை எழுத்தில் கேட்டு இன்னொரு மெயில் போட்டேன். பணம் வந்தது.

என்னைக் கேட்டால், தாமதத்தைவிடப் பெரிய ஆபத்து தனித்தனி டிக்கெட்தான். லண்டன்–துபாய் ஒன்று, துபாய்–சென்னை இன்னொன்று என்று மலிவாகப் போட்டால், முதல் விமானம் பிந்தும்போது இரண்டாவது நிறுவனம் உங்களை 'நோ ஷோ' என்று அடித்துவிடும். புது டிக்கெட் உங்கள் செலவு. மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு போய்விடும்.

இங்கிலாந்தில் வழக்குப் போட 6 வருடம் வரை அவகாசம் உண்டு. பழைய போர்டிங் பாஸ் மெயிலில் கிடக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள்.