பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்குமா? கணித்தறியும் முறை

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த அன்றே நம் இல்லங்களில் எழும் வினா ஒன்று உண்டு: "இந்த மதிப்பெண்ணுக்கு நல்ல பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்குமா?" உற்றார் ஒருவர் "உறுதியாகக் கிடைக்கும்" என்பார், மற்றொருவர் "ஐயமே" என்பார். இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்தவர் அல்லர். இது சோதிடம் அன்று. முறையாக அணுகினால் பெரும்பாலும் விடை காணக்கூடிய கணக்கே. அம்முறையைப் பெற்றோரும் மாணவச் செல்வங்களும் அறிந்துகொள்ளும்பொருட்டே இப்பாடம்.

1. கட்-ஆஃப் என்பது யாது?

தமிழ்நாட்டில் 1984 முதல் 2006 வரை பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு இருந்தது. 2007 முதல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் கணக்கிடுவர். அதாவது, கணித மதிப்பெண் முழுமையாகவும் மற்ற இரண்டும் பாதியாகவும் சேரும்.

இரு மாணவியரை எண்ணிக்கொள்வோம். முதலாமவர் கணிதம் 96, இயற்பியல் 82, வேதியியல் 84 பெற்றார். மூன்று பாடங்களின் கூட்டுத்தொகை 262. இரண்டாமவர் 84, 93, 95 பெற்றார், கூட்டுத்தொகை 272. பத்து மதிப்பெண் கூடுதலாகப் பெற்றவரே முந்துவார் என்று தோன்றும். ஆனால் முதலாமவரின் கட்-ஆஃப் 96 + 41 + 42 = 179; இரண்டாமவருடையது 84 + 46.5 + 47.5 = 178. முந்துபவர் முதலாமவரே. கட்-ஆஃப் சமமாயின் கணித மதிப்பெண்ணையும், அதுவும் சமமாயின் இயற்பியலையும் முதலில் நோக்குவர். எனவே, படிக்கும் காலத்திலேயே கணிதத்திற்குரிய நேரத்தைக் குறைத்தல் கூடாது.

2. மதிப்பெண்ணைவிடத் தரவரிசையே அளவுகோல்

"சென்ற ஆண்டு 180க்கு அந்தக் கல்லூரி கிடைத்தது; நமக்கு 182 இருக்கிறது" என்று மகிழ்வோர் பலர். இது முழுமையான கணிப்பு அன்று. வினாத்தாள் எளிதாய் அமைந்த ஆண்டில் அனைவரின் மதிப்பெண்ணும் உயரும். 182 பெற்றவர் முந்தைய ஆண்டின் 180க்கும் பின்னால் நிற்க நேரிடலாம்.

100 முதல் 200 வரை அரை மதிப்பெண் வீதம் எண்ணினால் 201 படிகளே உள்ளன. அண்மை ஆண்டுகளில் தரவரிசைப் பட்டியலில் இடம்பெறுவோரோ ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஆகவே ஒரே படியில் பல நூறு பேர் நிற்பர். அரை மதிப்பெண் வேறுபாடு பல நூறு இடங்களை மாற்றிவிடும். தரவரிசை வெளியானபின், முந்தைய மூன்று ஆண்டுகளில் அக்கல்லூரியின் அப்பாடப்பிரிவில் கடைசி இடம் எந்தத் தரவரிசை வரை சென்றது என்று ஒப்பிடுவதே சரியான வழி. ஓர் ஆண்டை மட்டும் நம்புதல் ஆகாது.

3. பிரிவும் சான்றிதழும்

தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் செல்கிறது. எஞ்சிய 31 விழுக்காடு எல்லாச் சமுதாயத்தினருக்கும் பொது. ஆதலால் ஒதுக்கீட்டுப் பிரிவு மாணவர் பொதுத் தரவரிசை, தம் பிரிவின் தரவரிசை ஆகிய இரண்டையும் ஒப்பிடவேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 2021 முதல் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உள்ளது.

நம்மவர் ஈண்டு இரண்டு செய்திகளை நினைவிற்கொள்க. 2014இல் சமணர் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். ஆயினும் அவ்வறிவிப்பால் மாநிலக் கலந்தாய்வில் நமக்கெனத் தனிப்பிரிவு உண்டாகவில்லை. அடுத்து, மாநில அரசின் சமுதாயப் பட்டியலும் மத்திய அரசின் பட்டியலும் ஒன்றல்ல. இரண்டுக்கும் உரிய சான்றிதழ்களை முன்கூட்டியே வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறிந்து பெற்றுக்கொள்வது நலம்.

4. விருப்பப் பட்டியலில் அச்சம் வேண்டா

2018 முதல் கலந்தாய்வு இணையவழியில் நடைபெறுகிறது. மாணவர் எத்தனை விருப்பங்களையும் வரிசைப்படுத்தித் தரலாம். நன்கு மதிப்பெண் பெற்றவரும் வாய்ப்பை இழப்பது இவ்விடத்திலேதான்.

ஒதுக்கீடு செய்யும்போது, தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவரின் பட்டியலும் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும். இடம் உள்ள முதல் விருப்பமே வழங்கப்படும். எனவே எட்டாது என்று தோன்றும் கல்லூரியை முதலில் எழுதுவதால் சிறிதும் இழப்பில்லை. அது கிடைக்காவிடில் அடுத்தது பார்க்கப்படும். உறுதியாகக் கிடைக்கும் கல்லூரியை அச்சத்தால் மேலே எழுதினால், அதற்குக் கீழே எழுதிய சிறந்த கல்லூரியில் இடம் இருந்தும் அது கைவிட்டுப் போகும்.

காந்திகிராமத்து மாணவி ஒருவரின் ஆசை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி என்க. "எதற்கும் இருக்கட்டும்" என்று பெற்றோர் திண்டுக்கல் கல்லூரி ஒன்றை முதலில் எழுதச் செய்தால், கணினி அதனையே தரும். அண்மையிலுள்ள கல்லூரியே உண்மையான விருப்பமாயின் முதலில் எழுதுவதில் தவறில்லை. அச்சம் காரணமாக எழுதுவதே தவறு.

பட்டியலில் கடினமானவை, பொருந்துபவை, உறுதியானவை என மூவகைக் கல்லூரிகளும் இருத்தல் வேண்டும். ஆனால் அவற்றை அடுக்குவது விருப்பத்தின்படியே. தற்காலிக ஒதுக்கீடு வந்தபின், அதனை ஏற்றுக்கொண்டே மேலுள்ள விருப்பங்களுக்குக் காத்திருக்கவும் வழி உண்டு. குறித்த நாளுக்குள் உறுதி செய்யத் தவறலாகாது.

5. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.

2024இல் ஜே.இ.இ. மெயின் தேர்வை ஏறத்தாழ 14 லட்சம் பேர் எழுதினர். 23 ஐ.ஐ.டி.க்களில் இருந்த இடங்கள் 17,740. ஏறக்குறைய 80 பேருக்கு ஓர் இடம். இவ்விகிதத்தைக் கண்டு அஞ்சுவதும் பொருந்தாது. அது சராசரியேயன்றி உங்கள் பிள்ளைக்குரிய வாய்ப்பு அன்று. மாதிரித் தேர்வுகளில் பிள்ளை தொடர்ந்து எந்நிலையில் நிற்கிறார் என்பதே சான்று.

இத்தேர்வில் கூறப்படும் 98 பெர்சன்டைல் என்பது 98 மதிப்பெண் அன்று. நூற்றுக்கு இருவர் முன்னால் உள்ளனர் என்பதே பொருள். 14 லட்சத்தில் அது 28,000 பேர். மெயின் தேர்வில் தேறும் முதல் இரண்டரை லட்சம் பேரே ஐ.ஐ.டி.க்குரிய அட்வான்ஸ்டு தேர்வை எழுதலாம். மெயின் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுத இயலும். அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலுமே நடைபெறுகிறது. தமிழ்வழி மாணவர் இதற்கு முன்னரே ஆயத்தமாதல் வேண்டும்.

திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்க்கு உரியவை. ஆகவே கடைசித் தரவரிசையை நோக்கும்போது நம் மாநிலத்தவர்க்குரிய பகுதியையே காண்க. பெண்பிள்ளைகளைப் பெற்றோர் மற்றொன்றும் அறிக: 2018 முதல் ஐ.ஐ.டி.க்களில் மாணவியர்க்குக் கூடுதல் இடங்கள் ஏற்படுத்தப்பட்டுள்ளன. தொலைவைக் காட்டி மகளின் விண்ணப்பத்தைத் தடுத்தல் அவர் உழைத்துப் பெற்ற உரிமையைத் தடுப்பதாகும்.

6. பெற்றோர் கடமை

கணிப்பு என்பது பிள்ளையை எடைபோடும் தராசு அன்று. வழி காட்டும் கருவி. "உனக்குக் கிடைக்காது" என்ற சொல் படிக்கும் மனத்தை முறிக்கும்; "உனக்குக் கிடைக்காமல் போகுமா" என்ற சொல்லோ கிடைக்காதபோது பிள்ளையைத் தலைகுனியச் செய்யும். இரண்டையும் தவிர்த்து, எண்களை முன்வைத்து அமைதியாகப் பேசுக. பொறியியலில் நாட்டமே இல்லாத பிள்ளைக்கு எந்தக் கணிப்பும் பயன் தராது என்பதையும் உணர்க.

வீட்டுப் பயிற்சி

ஒரு தாளில் மூன்று கட்டங்கள் வரைக. முதற்கட்டத்தில் பிள்ளை விரும்பும் பத்துக் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் அவர் கையாலேயே எழுதச் செய்க. இரண்டாம் கட்டத்தில் கடந்த மூன்று ஆண்டுகளின் கடைசித் தரவரிசைகளைக் குறிக்க. மூன்றாம் கட்டத்தில் ஆண்டுக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் எழுதுக. தாய், தந்தை, பிள்ளை மூவரும் ஒருங்கமர்ந்து அத்தாளைப் படித்தபின், வரிசையை முடிவு செய்யும் உரிமையைப் பிள்ளையிடமே விடுக. நான்கு ஆண்டுகள் அந்த வகுப்பறையில் அமரப்போகிறவர் அவரே.