உடனடி நூடுல்ஸும் இளைஞர் உள்ளமும்

உணவு பசியை ஆற்றுவது. சில உணவுகளோ பசியோடு மனத்தையும் ஆற்றுகின்றன. நோயுற்றார்க்குக் கஞ்சியும், நெடுவழி சென்று இல்லம் மீண்டார்க்கு இரசஞ்சோறும் அத்தகையன. இக்காலத்துப் பதின்மவயதினரை நோக்கி, ‘நுமக்கு அவ்வாறு ஆறுதல் தரும் உணவு யாது?’ என வினவின், அவருட் பலர் உறையிலிட்டு விற்கும் உடனடி நூடுல்ஸையே கூறுவர். பெரியோர் கேட்டு முகஞ்சுளிப்பர். சுளிக்குமுன், அஃது அவர் உள்ளத்தைக் கவர்ந்தவாறு எங்ஙனம் என்று சிறிது ஆராய்தல் தகும்.

இதன் பிறப்பிடம் ஜப்பான். இரண்டாம் உலகப்போரின் பின் ஒஸாகா நகரில், ஒரு கிண்ணம் சூடான ராமெனுக்காக மக்கள் நெடுவரிசையில் நின்றதை மொமொஃபுக்கு ஆண்டோ என்பவர் கண்டார். 1957-இல், தாம் தலைமை வகித்த கடன் சங்கம் வீழ்ச்சியுற, அவர் கைப்பொருளை இழந்தார். இக்கெடா என்னும் ஊரில் தம் வீட்டின் பின்புறத்தே ஒரு சிறு கொட்டகையிற் பன்முறை முயன்று, 1958 ஆகஸ்டு 25-இல் முதல் உடனடி நூடுல்ஸை விற்பனைக்குக் கொணர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 48. விலை 35 யென். புதிய உடோன் 6 யென்னுக்குக் கிடைத்த காலம் அது. இன்று ஏழை மாணாக்கன் துணையாய் நிற்கும் பண்டம் பிறந்தபோது விலையுயர்ந்ததாய் இருந்தமை வியப்பே.

அவர் கண்ட நுட்பம் எளிது. கோதுமை மாவை இழைகளாக்கி, ஆவியில் வேகவைத்து, கொதிக்கும் எண்ணெயில் இடுவர். இழையினுள் இருந்த நீர் விரைந்து வெளியேறி, எண்ணிறந்த நுண்துளைகளை விட்டுச் செல்லும். பின்னர் வெந்நீர் படும்போது அத்துளைகள் வழியே நீர் உட்புகுந்து இழையை மீண்டும் மென்மையாக்கும். அடுப்பில் நிகழ்வது சமையல் என்பதினும், முன்பே சமைத்ததை உயிர்ப்பித்தல் என்பதே பொருந்தும்.

இனிச் சுவையை நோக்குவாம். 1908-இல் கிகுனே இக்கெடா என்னும் ஜப்பானிய வேதியியலார், கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு ‘உமாமி’ எனப் பெயரிட்டார். நூடுல்ஸின் பொடிகள் பலவும் இச்சுவையை நம்பியே நிற்கின்றன. தாய்ப்பாலிலும் குளுட்டமேட் மிகுந்துள்ளது. ஆதலின் இச்சுவை எவர் நாவிற்கும் புதிதன்று. இதனோடு உப்பும், எண்ணெயும், மென்று வருந்த வேண்டாத மாவும், முகத்தில் மோதும் ஆவியும் சேர்ந்தால் களைத்த மனம் இளகாதிருக்குமோ?

எனினும் சுவையொன்றே காரணம் என்பார் கூற்று நமக்கு உடன்பாடன்று. சுவையில் இதனை வெல்வன நம் அடுக்களையிற் பல. இடியப்பமும் சேமியாவும் இழைகளே அல்லவோ? ஆயின் இடியப்பம் பிழிய அன்னை வேண்டும். நூடுல்ஸுக்கு எவரும் வேண்டா. நம் இல்லங்கள் பலவற்றுள் சிறாரை அடுப்பருகே விடும் முதல் நாள், நூடுல்ஸ் கிண்டும் நாளே. அடுக்களைப் பக்கம் எட்டியும் பாராத ஆண்மக்களும் தம் கையாற் சமைத்துண்ணும் முதல் உணவு இதுவே. ‘நான் செய்தேன், எனக்காகச் செய்தேன்’ என்னும் எண்ணம் அவ்வயதிற் சிறிய இன்பமன்று. தேர்வும் மதிப்பெண்ணும் நட்பும் நாள்தோறும் ஒருபடித்தாய் இராத பருவத்தில், என்று உண்டாலும் ஒரே சுவை தரும் பொருள் ஒன்று உண்டு என்பதும் ஓர் ஆறுதலே. வேகவையாமலே நொறுக்கிப் பொடி தூவிப் பகிர்ந்துண்ணும் வழக்கமும் அவர்க்குண்டு. அது பெரியோர் கற்பித்ததன்று.

இப்பற்றின் ஆழம் 2015-இல் வெளிப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் இந்தியாவிற்கு வந்த மேகி, ஈயம் அளவுமிகுந்ததென்ற குற்றச்சாட்டால் அவ்வாண்டு ஜூன் மாதம் நாடெங்கும் தடையுற்றது. ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கி மறுசோதனைக்கு ஆணையிட்டது. சோதனைகளில் ஈயம் வரம்பிற்குட்பட்டே காணப்பட, நவம்பரில் அது மீண்டும் கடைக்கு வந்தது. அப்பொழுது இணைய அங்காடியொன்றில் 60,000 பெட்டிகள் ஐந்து நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தன. பசி ஒன்றே இத்துணை விரைவை விளைக்காது.

ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டுமென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நூடுல்ஸ் வகைகள் பலவற்றில் ஒரு பொதியே அதிற் பெரும்பகுதியைத் தந்துவிடும். புரதமும் நாரும் மிகக் குறைவு. உப்பிற் பெரும்பங்கு பொடியில் உள்ளமையால், பாதிப்பொடி இட்டு, ஒரு முட்டையோ கைப்பிடிக் கீரையோ சேர்த்தல் எவர்க்கும் இயலும். நாள்தோறும் இதனையே உணவாகக் கொள்ளும் மாணாக்கரைக் குறித்தே நாம் கவல்கின்றோம்; மழைநாளில் ஒருமுறை உண்பாரைக் குறித்தன்று.

விடுதிகளில் மாணாக்கரிடமிருந்து மின்கெண்டிகளைப் பறிமுதல் செய்வது பலவிடத்தும் வழக்கம். தீவிபத்தை அஞ்சுவோர் செய்வது தவறென்னோம். ஆயின் இரவு ஏழரை மணிக்கு உணவு முடித்து, ஒரு மணிவரை விழித்துப் படிக்கும் பிள்ளைக்குப் பதினொரு மணிக்குப் பசிக்குமே! அவ்வேளையிற் கூடத்தில் ஒரு தட்டுச் சுண்டலும் சூடான பாலும் இருந்தால், எத்துணைக் கெண்டிகள் பெட்டிக்குள்ளேயே உறங்கும் என்பதை விடுதிக் காப்பாளர் ஒருவரேனும் சோதித்துப் பார்க்கலாம்.