புதுக்கோட்டையிலிருந்து ஒரு மெட்டல் ஆல்பம்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

புரோகிரஸிவ் மெட்டலை இரைச்சல் என்று ஒதுக்குகிறவர்கள் அதற்குள் ஓடும் கணக்கைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஐந்தில் தொடங்கி, ஏழுக்குத் தாவி, ஒன்பதில் சுற்றிவிட்டு, ஒரே அடியில் நாலுக்கு வந்து விழும் இசை அது. இந்தக் கணக்கு புதுக்கோட்டைக்குப் புதிதில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றிய மான்பூண்டியா பிள்ளையின் ஊர் இது. அவர் லயம் கற்றது ஒரு தவில்காரரிடம். மான்பூண்டியா பிள்ளையின் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை தொடங்கி பழனி சுப்பிரமணிய பிள்ளை வரை வளர்ந்த புதுக்கோட்டைப் பாணியைக் கணக்குக்காகவே இன்றும் பேசுகிறார்கள்.

இங்கிருந்து ஆல்பம் போட நினைக்கும் பிள்ளைகளிடம் நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான். கணக்கை உடம்பில் ஏற்றிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போங்கள். கம்ப்யூட்டர் திருத்திக் கொடுக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

ஸ்டுடியோவுக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

• பாட்டு முழுவதையும் வாயால் சொல்லிப் பழகுங்கள். டிரம்மர் மட்டுமல்ல, கிட்டார், பேஸ், பாடுபவர் எல்லோரும்தான். ஐந்துக்கு "தக தகிட", ஏழுக்கு "தகிட தகதிமி", ஒன்பதுக்கு "தகதிமி தக தகிட". கையில் தாளம் போட்டபடி, வாத்தியத்தைத் தொடாமல், முதலிலிருந்து கடைசிவரை எல்லோரும் ஒன்றாகச் சொல்லி முடிக்க வேண்டும். எங்கே நாக்கு தடுமாறுகிறதோ அங்கேதான் பதிவிலும் கை தடுமாறும். ஏழை மூன்றும் நாலுமாகவும் பிரிக்கலாம், நாலும் மூன்றுமாகவும் பிரிக்கலாம். டிரம்மர் ஒரு விதமாகவும் கிட்டார்காரர் இன்னொரு விதமாகவும் நினைத்து வாசித்தால் கூட்டுத்தொகை சரியாக வந்து நிற்கும், அழுத்தம் மட்டும் இடறும். ஒத்திகை அறையின் சத்தத்தில் அது காதில் படாது. ஸ்டுடியோவில் தனித்தனியாகக் கேட்கும்போது பளிச்சென்று தெரியும், அப்போது மணிக்கணக்கில் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்.

• எழுதி வையுங்கள். எந்தப் பகுதி எத்தனை சுற்று, எந்த வேகம், எங்கே மாற்றம் என்று ஒரு தாளில் இருக்கட்டும். புதுக்கோட்டைப் பக்கத்துக் குடுமியான்மலையில் பாறையில் வெட்டியிருக்கும் இசைக் கல்வெட்டு ஸ்வரங்களை நாலு நாலாகச் சேர்த்து ஏழு பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்ற குறிப்பும் அதிலேயே உண்டு. உங்கள் பாட்டை இன்னொருவர் பார்த்து வாசிக்க முடிகிறதா என்பதுதான் சோதனை.

• அந்தத் தாளை வைத்தே கிளிக் டிராக் தயாரியுங்கள். வேகம் மாறும் இடங்களில் கிளிக்கும் மாற வேண்டும். அதன் மேல் சுமாராக வாசித்த வழிகாட்டிக் கிட்டாரையும் சேர்த்துவிட்டால் டிரம்மருக்குப் பாதி பாரம் குறையும்.

• நாதஸ்வரம் சேர்க்கும் எண்ணம் இருந்தால் முதலில் வித்வானிடம் அவர் வாத்தியத்தின் கட்டை (சுருதி அளவு) என்ன என்று கேளுங்கள், பிறகு பாட்டின் சுருதியை முடிவு செய்யுங்கள். கிட்டார் கம்பியை ஏற்றலாம், இறக்கலாம். நாதஸ்வரத்தில் அந்த வசதி கிடையாது. மெட்டலில் பழகிப்போன டிராப் டி சுருதியின் ஆதாரம் 2 கட்டைதான். அவர் வாத்தியம் 2 கட்டை என்றால் பாதி வேலை முடிந்தது. இரண்டரை என்றால் நீங்கள்தான் கம்பியை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

• எதை வீட்டில் பதிவது, எதை வெளியே பதிவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். கிட்டார், பேஸ், கீபோர்டு மூன்றையும் நேரடியாக ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகிப் பதியலாம். தெருவில் ஒலிபெருக்கி கட்டியிருந்தாலும் அதில் ஏறாது. டிரம்ஸுக்கும் குரலுக்கும்தான் நல்ல அறை வேண்டும், காசை அதற்கே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கைஹார்பர் குழு டெல்லியில் கேசவ் தர் வீட்டில் தனி ஆளாகத் தொடங்கியது. பாடகர் டேனியல் டாம்ப்கின்ஸ் இங்கிலாந்திலும் டிரம்மர் அனுப் சாஸ்திரி அமெரிக்காவிலும் இருக்க, கோப்புகள் கடல் தாண்டிப் போய் வந்து 2012இல் முதல் ஆல்பம் ஆனது.

வீட்டுப் பதிவில் செய்யக்கூடாதவை

• எர்த் இல்லாத பிளக்கில் கிட்டாரைச் செருகாதீர்கள். பழைய வீடுகளில் மூன்றாவது துளை பெயருக்குத்தான் இருக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் அடங்குகிறது என்றாலும் முதலில் எர்த்தைச் சோதித்துவிடுங்கள். உயிர்ப் பாதுகாப்பும் இதில் இருக்கிறது.

• எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரை ஓடவிட்டுப் பதியாதீர்கள். கிட்டாரின் பிக்அப் அதை "ஙீ" என்று பிடித்துக்கொள்ளும். அதிக டிஸ்டார்ஷன் போடும் இசையில் அந்த ஒலி பத்து மடங்காகும். மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாதுதான், விடியற்காலையில் பதியுங்கள்.

• மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளைப் பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள். யுபிஎஸ் இருந்தாலும் பகல் முழுக்கத் தாங்காது.

• ஒரு கிட்டார் பதிவை நகலெடுத்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் ஒலி கூடும், அகலம் வராது. ரிதம் பகுதியை இரண்டு முறை தனித்தனியாக வாசித்துப் பதிய வேண்டும். இரண்டு வாசிப்புக்கும் இடையே இருக்கும் மயிரிழை வித்தியாசம்தான் மெட்டல் கிட்டாரைச் சுவர்போல் நிற்க வைக்கிறது.

• பழைய கம்பியோடு தொடங்காதீர்கள். ஒவ்வொரு டேக்குக்கும் முன் சுருதி பாருங்கள்.

ஸ்டுடியோவில்

• டிரம்ஸை முதலில் பதியுங்கள். புதுத் தோல் மாட்டி, சுருதி சேர்த்து, மைக் வைக்கவே அரை நாள் ஆகும். அந்த அரை நாளை வீண் என்று நினைக்க வேண்டாம். பிறகு வரும் அனைத்தும் அதன் மேல்தான் உட்காரப்போகிறது.

• கஞ்சிரா பதிவதென்றால் அந்த வாத்தியத்துக்கு நேரம் கொடுங்கள். சட்டத்தின் உட்பக்கமாகத் தோலில் தண்ணீர் தடவி, விரலால் தேய்த்து, தட்டிப் பார்த்து, சுருதி இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஏசி அறையில் தோல் சீக்கிரம் உலரும், சுருதி மேலே ஏறும். முதல் டேக்கையும் பத்தாவது டேக்கையும் வெட்டி ஒட்டினால் இரண்டு வாத்தியம்போலக் கேட்கும். ஆகவே நீளமான டேக்குகளாகப் பதியுங்கள், ஒவ்வொன்றுக்கும் முன் சுருதியை ஒப்பிடுங்கள். உடும்புத் தோல் கஞ்சிராவை மட்டும் தேடிப் போகாதீர்கள். உடும்பு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட உயிர். ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் கிடைக்கின்றன.

• தவிலுக்கு ஒரே மைக் போதும் என்று விடாதீர்கள். விரல் கூடு படும் வலந்தலைக்கு ஒன்று, கழி விழும் தொப்பிக்கு ஒன்று. தொப்பியின் அடி ஒலியும் டிரம்ஸின் கிக்கும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். எந்தப் பகுதியில் எது பேச வேண்டும் என்று வாசிக்கும்போதே பிரித்துவிட்டால் மிக்ஸிங்கில் அழ வேண்டியதில்லை.

• எல்லா அடியையும் கம்ப்யூட்டர் கட்டத்துக்குள் இழுத்து வைக்காதீர்கள். இயந்திரத் துல்லியம்தான் வேண்டும் என்றால் அதைத் தெரிந்தே தேர்ந்தெடுங்கள். சுவீடனின் மெஷுகா குழு 2005இல் "கேட்ச் தர்ட்டித்ரீ" ஆல்பத்துக்கு டிரம்ஸை முழுவதும் கம்ப்யூட்டரில் நிரல் செய்தது. அதே குழு 2016இல் "தி வயலன்ட் ஸ்லீப் ஆஃப் ரீசன்" ஆல்பத்தை ஒரே அறையில் சேர்ந்து வாசித்துப் பதிந்தது. இரண்டும் முன்கூட்டியே எடுத்த முடிவுகள். பிழையை மறைக்க இழுப்பது வேறு, அதில் தேர்வு என்று எதுவும் கிடையாது.

• டிரம்மரைக் கேட்காமல் அவர் ஒலியை மாற்றாதீர்கள். டிரீம் தியேட்டர் குழுவின் "இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்" (1992) ஆல்பத்தில் தயாரிப்பாளர் ஸ்னேர் ஒலிக்குப் பதில் சாம்பிள் வைத்ததில் டிரம்மர் மைக் போர்ட்நாய்க்கு உடன்பாடில்லை. அந்த ஆல்பம்தான் அவர்களை உலகுக்குக் காட்டியது, ஆனாலும் அவர் குறை தீரவில்லை.

• ஆசைப்பட்டு அளவுக்கு மீறி இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஓபெத் குழு 2002இல் இரண்டு ஆல்பங்களை ஒரே நேரத்தில் பதிந்து நொந்துபோனது. முதல் முயற்சிக்கு நாலு பாட்டு தாராளம்.

முடித்த பின்

• கோப்புகளை 24 பிட்டில் வைத்திருங்கள், மூன்று நகல் எடுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

• சத்தத்தைக் கூட்டச் சொல்லி மாஸ்டரிங் செய்பவரை நச்சரிக்காதீர்கள். ஸ்பாட்டிஃபை எப்படியும் சுமார் மைனஸ் 14 லஃப்ஸ் (ஒலி அளவின் அலகு) அளவுக்குச் சமப்படுத்திவிடும். நசுக்கிய டிரம்ஸ் மட்டும்தான் மிஞ்சும்.

• நாதஸ்வரம், தவில், கஞ்சிரா வாசித்தவர்களின் சம்பளத்தைப் பதிவுக்கு முன்பே பேசி, அன்றே கொடுத்துவிடுங்கள். திருவிழாக் காலத்தில் உங்களுக்காக ஒரு நிகழ்ச்சியை விட்டுவிட்டு வந்திருப்பார்கள். ஆல்பத்தில் அவர்கள் பெயர் "நன்றி" பட்டியலில் போகக்கூடாது. கிட்டார்காரர் பெயர் எங்கே வருகிறதோ அங்கே, வாத்தியத்தின் பெயரோடு வர வேண்டும்.