சக்கரம் முதல் சுக்கான் வரை

மேருவிலிருந்து கிள்ளான் துறைமுகத்திற்குச் சென்றால், கெத்தாம் தீவுக்குப் புறப்படும் படகுகளைக் காணலாம். படகோட்டியின் கை முன்னால் உள்ள சக்கரத்தைப் பிடித்திருக்கும். படகைத் திருப்பும் சுக்கானோ பின்புறத்தில், நீருக்கடியில் இருக்கும். இரண்டையும் இணைக்கும் உறுப்புகள் பயணிகளின் கண்ணில் படுவதில்லை. பழைய மர விசைப்படகைச் சீரமைப்பவருக்குப் பெரும்பாலான வேலை அந்த மறைவான பகுதியில்தான் காத்திருக்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், அல்கோனாக் என்ற ஊரில் வளர்ந்த கிறிஸ் கிராஃப்ட் நிறுவனம், 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மகோகனி மரத்தாலான விசைப்படகுகளைப் பெருமளவில் கட்டியது. அவற்றைச் சீரமைத்து ஓட்டுவோர் இன்றும் இருக்கின்றனர். அந்நிறுவனத்தின் பழைய ஆவணங்கள் வர்ஜீனியாவிலுள்ள மரைனர்ஸ் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. எனவே, ஒரு படகு முதலில் எப்படி இருந்தது என்பதை அவர்கள் தேடிப் பார்க்க முடிகிறது.

இத்தகைய படகுகளில் சக்கரத்தின் தண்டு ஒரு கியர் பெட்டிக்குள் செல்கிறது. அதன் அசைவை நீண்ட கம்பியோ எஃகு வடமோ பின்னால் கொண்டு சென்று சுக்கானைத் திருப்புகிறது. வழியில் பல மூட்டுகள் உள்ளன. வேகமாகச் செல்லும்போது அவற்றில் ஒன்று முறிந்தாலும் சக்கரம் கையில் வீணே சுழலும். படகு தன் போக்கில் ஓடும்.

ஆகவே, எதையும் கழற்றுமுன் ஒருவர் சுக்கானை அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் சக்கரத்தை மெல்லத் திருப்பிப் பார்க்கிறார். சுக்கான் அசையாதபோதும் சக்கரம் சிறிது திரும்பினால் எங்கோ தேய்மானம் இருக்கிறது. கியர் பெட்டியில் இது தந்திரமானது. படகு பெரும்பாலும் நேராகவே செல்வதால், பற்கள் நடுப்பகுதியில்தான் மிகுதியாகத் தேய்கின்றன. அந்த இடத்துக்கு ஏற்ப இறுக்கினால், முழுவதுமாகத் திருப்பும்போது தேயாத பற்கள் சிக்கிக்கொள்ளும். அவசரப்படுபவர் இங்கேதான் ஏமாறுகிறார். தேய்ந்த பற்சக்கரத்தை மாற்றுவதே சரி.

மூட்டுகளில் வட்டமான துளைகள் நீள்வட்டமாகியிருக்கும். அவற்றைச் சீராகக் குடைந்து, வெண்கல புஷ் பொருத்துவார்கள். யாரோ முன்பு மலிவாகக் கிடைத்த பித்தளைத் திருகாணியைப் போட்டிருந்தால், அதை ஐயத்துடன் பார்க்க வேண்டும். கடல்நீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை மெல்ல அரித்துவிடும். திருகாணியின் வடிவம் அப்படியே இருக்கும். ஆனால், செந்நிறமாகி, வலுவிழந்து, திருகினாலே ஒடிந்துவிடும்.

சுக்கானின் தண்டு படகின் அடித்தளத்தைத் துளைத்து மேலே வருகிறது. நீர் புகாதிருக்க, அதைச் சுற்றி மெழுகேற்றிய நார் திணிக்கப்பட்டு, ஒரு மரையால் இறுக்கப்படுகிறது. மிகவும் இறுக்கினால் சக்கரம் கனக்கும். தளர்த்தினால் படகுக்குள் நீர் கசியும்.

எல்லோரும் ரசிக்கும் சக்கரம் கடைசியில்தான் மேசைக்கு வருகிறது. அதன் உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடித்து உப்புவதால் மேலுறை வெடிக்கிறது. துருவைச் சுரண்டாமல் வெடிப்பை மட்டும் அடைத்தால், அது மீண்டும் திறந்துகொள்ளும்.

பிறகு படகைத் துறையருகே மெதுவாக ஓட்டுகின்றனர். ஒருவர் இடமும் வலமும் முழுவதுமாகத் திருப்புகிறார். மற்றொருவர் பின்புறத்துப் பலகையைத் தூக்கி, கைவிளக்குடன் அந்த மரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.