நூல்வழி நினைவு

குரங்கணி என்னும் பெயரைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் நிகழ்ந்த காட்டுத்தீயே நினைவுக்கு வருகிறது. மலையேற்றம் சென்றோருள் 20-க்கும் மேற்பட்டோர் அத்தீயினால் உயிர் நீத்தனர். அத்துயரம் மறக்கத்தக்கதன்று. ஆயினும் அவ்வூர் அந்த ஒரு செய்தி மட்டும் அன்று. போடிநாயக்கனூருக்கு வடமேற்கே மலையடியில் அமைந்த பழஞ்சிற்றூர் அது. மேலேயுள்ள டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ஒரு காலத்தில் கம்பிவடத்தின் வழியே அச்சரிவில் இறங்கிப் போடிக்குச் சென்றன. ஏலத்தோட்டங்களை நம்பி வாழும் மக்கள் இன்றும் அம்மலைப்பாதையில் ஏறி இறங்குகின்றனர். ஊரை அறிய விரும்புவோர் செய்தித்தாளோடு நின்றுவிடாமல் ஊருக்கே செல்லவேண்டும்.

நூலாசிரியர்களை நினைவுகூர்வதும் இத்தகையதே. ஓர் ஆசிரியர் மறைந்தால் மறுநாள் நாளிதழில் படம் வெளிவருகிறது. இரங்கற் கூட்டம் நடைபெறுகிறது. அத்துடன் அவர் மறக்கப்படுகிறார். இறந்த செய்தி நம்மிடம் தங்குகிறது; வாழ்நாள் முழுவதும் அவர் உழைத்துச் சேர்த்த நூல் நம்மிடம் வந்து சேர்வதில்லை. எனவே, அண்மைக் காலத்தில் மறைந்த சிலரை அவர்தம் நூல்களின் வழியாக நினைவுகூரும் முறையினை இப்பாடத்தில் காண்போம்.

முன்னோர் காட்டிய நெறி

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரின் முகத்தோற்றத்தை நாம் அறியோம். சிந்தாமணி தந்த திருத்தக்கதேவர், காரிகை தந்த அமிதசாகரர், சூடாமணி நிகண்டு தந்த மண்டலபுருடர் ஆகியோர் மறைந்த நாளும் நமக்குத் தெரியாது. ஆயினும் அவர்களை நாம் மறந்தோமல்லோம். காரணம், அவர்தம் நூல்களைத் தலைமுறைதோறும் எவரோ ஓதினர். எவரோ ஏடு மாற்றி எழுதினர். உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டு சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, கும்பகோணத்துச் சமண இல்லறத்தார் அந்நூலை முறையாகப் படித்துவந்தமை அவருக்குப் பெருந்துணையாயிற்று.

இதற்கு மாறான நிலையும் நம் கண்முன் உள்ளது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதியில் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 70 செய்யுட்களே. நூல் அழிந்தது; அதனுடன் ஆசிரியர் பெயரும் அழிந்தது. அக்காப்பியத்தை இயற்றியவரை நினைவுகூர நாம் விரும்பினாலும் பெயர் சொல்லி அழைக்க இயலாது. ஏடு மாற்றி எழுதுவதை ஒரு தலைமுறை கைவிட்டாலும் நேரும் இழப்பு இத்தகையது.

நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்தையும் ஒன்றாக வைத்தமைக்கு இதுவே காரணம் எனலாம். தரசேனாசாரியாரிடம் கேட்டறிந்த ஆகமப் பொருளைப் புஷ்பதந்தரும் பூதபலியும் நூலாக்கி நிறைவு செய்த நாளையே சுருத பஞ்சமியாகப் போற்றுகிறோம். 10-ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பே என்னும் அம்மையார், பொன்ன கவியின் சாந்தி புராணத்தை 1,000 படிகள் எழுதச்செய்து வழங்கினார் என்பது வரலாறு. கவிஞரைப் போற்ற அவர் தேர்ந்த வழி, அவர் நூலைப் பலர் கையில் சேர்ப்பதே.

போடியில் பிறந்த கவிஞர்

குரங்கணியிலிருந்து இறங்கினால் சேரும் போடிநாயக்கனூரைச் சார்ந்தது மீனாட்சிபுரம். கவிஞர் நா. காமராசன் 1942-ஆம் ஆண்டு அங்கே பிறந்தார். மதுரைத் தியாகராசர் கல்லூரியில் பயின்றபோது 1965-ஆம் ஆண்டின் மொழிப்போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 2017-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் மறைந்தார். அவர் மறைந்தபோது பலர் நினைவுகூர்ந்தது அவருடைய திரைப்பாடல்களை. அவை இனியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவரை முழுமையாக அறிய விரும்புவோர் ‘கருப்பு மலர்கள்’ என்னும் கவிதை நூலைத் திறக்கவேண்டும்.

மரபுக் கவிதையில் தேர்ந்த ஒருவர் புதுக்கவிதைக்கு வந்த காலத்து நூல் அது. சமுதாயம் ஒதுக்கி வைத்தவர்களை, திருநங்கையரை உள்ளிட்டு, அந்நூலில் அவர் பேசவைத்தார். பிற உயிரின் துன்பத்தைத் தன்னுடையதாக உணர்வதே கருணை என்று கற்றுவரும் நமக்கு அந்நூல் அயலானதன்று. போடிப் பகுதியில் வாழ்வோர் தம் பிள்ளைகளுக்கு, “நம் ஊரில் பிறந்தவர் எழுதியது” என்று சொல்லிக் கையில் கொடுக்கத்தக்க நூல் அது.

கல்வெட்டைப் படித்தவர்

போடிக்குத் தெற்கேயுள்ள உத்தமபாளையத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பட்ட பாறை உள்ளதை வாசகர் அறிவர். அங்குள்ள வட்டெழுத்துக்களில் அச்சணந்தி முனிவரின் பெயர் காணப்படுகிறது. இத்தகைய எழுத்துக்கள் கல்லில் இருந்தால் மட்டும் போதாது. அவற்றைப் படித்துச் சொல்வோரும் வேண்டும். அச்சணந்தி காலத்துக்கும் பல நூற்றாண்டுகள் முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துக்களைப் படித்துச் சொன்னவர்களுள் தலையாயவர் ஐராவதம் மகாதேவன். 1930-ஆம் ஆண்டு பிறந்து, 2018-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் மறைந்த அவர், இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். 1987 முதல் 1991 வரை தினமணி நாளிதழின் ஆசிரியராக விளங்கியவர்.

‘எர்லி தமிழ் எபிகிராபி’ என்னும் அவருடைய ஆங்கில நூல் 2003-ஆம் ஆண்டு வெளிவந்தது. குகைகள் தோறும் தாமே ஏறிச் சென்று, எழுத்துக்களைப் படியெடுத்து, முன்னோர் வாசித்த முறையோடு ஒப்பிட்டு எழுதிய நூல் அது. மாங்குளத்துக் குகையில் கணிநந்தி என்னும் துறவியின் பெயரும், அவருக்கு உறைவிடம் அமைத்த பாண்டியன் நெடுஞ்செழியனின் அலுவலர் பெயரும், வெள்ளறை வணிகக் குழுவினர் பெயரும் உள்ளன. அழகர்மலைக் குகையில் உப்பு வணிகரும் துணி வணிகரும் ஈந்த கொடை குறிக்கப்பட்டுள்ளது. நம் முன்னோர் எத்தகைய மக்களின் ஆதரவில் இந்நாட்டில் வாழ்ந்தனர் என்பதைக் கற்பனை கலவாது காட்டும் சான்றுகள் இவை.

அந்நூலில் கற்கவேண்டிய மற்றொரு பண்பும் உண்டு. குகைக் கல்வெட்டுக்களின் மொழி தமிழே என்று 1924-ஆம் ஆண்டு நிறுவிக் காட்டிய கே. வி. சுப்பிரமணிய ஐயரின் பணியினை மகாதேவன் நன்றியுடன் போற்றினார். அவருடைய நூல் வெளிவந்து 3 ஆண்டுகள் கழித்து, 2006-ஆம் ஆண்டில், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. ஆய்வு ஒருவரோடு தொடங்குவதுமில்லை, ஒருவரோடு முடிவதுமில்லை.

இப்பெருநூலை அச்சிட்டு வெளியிட்டவர்களுள் ஒருவராகிய ‘க்ரியா’ ராமகிருஷ்ணனும் இன்று நம்மிடையே இல்லை. தற்காலத் தமிழ் அகராதியின் மூன்றாம் பதிப்பு வெளிவந்த சில நாட்களில், 2020-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் நாள், கொரோனா நோயினால் அவர் காலமானார். பதிப்பாசிரியரின் பெயரை நாம் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அகராதியைப் புரட்டும்போதேனும் அவரை நினைப்போமாக.

ஊரைப் படித்தவர்கள்

2020-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் மறைந்த பேராசிரியர் தொ. பரமசிவன், பாளையங்கோட்டையில் பிறந்தவர். ‘அழகர் கோயில்’ என்னும் ஆய்வு நூலில், ஒரு கோயிலைச் சூழ்ந்த பல்வேறு சமூகத்தார்க்கும் அக்கோயிலுக்கும் உள்ள உறவை ஊர் ஊராகச் சென்று கேட்டறிந்து எழுதினார். உப்பு, எண்ணெய், உடை, வீடு என நாம் அன்றாடம் காணும் பொருள்களில் வரலாற்றைத் தேடக் கற்பித்தவர் அவர். அவருடைய முடிவுகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டும் என்பதில்லை. நினைவுகூர்தல் வேறு, உடன்படுதல் வேறு. ஐயம் எழுமிடத்தில் ஓரத்தில் குறித்து வைத்து, வேறு சான்று தேடுவதும் அவ்வாசிரியருக்குச் செய்யும் மரியாதையே. பல கோணங்களிலும் பொருளை நோக்கும் அநேகாந்த நெறி, நூல் கற்பதற்கும் பொருந்தும்.

2021-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் மறைந்த கி. ராஜநாராயணன், கதைகளோடு கரிசல் வட்டார வழக்குச் சொற்களையும் தொகுத்து அகராதியாக்கினார். அதனைப் படித்த ஓர் இளைஞர், ஏலம் பறிப்போரும் காயவைப்போரும் தரம் பிரிப்போரும் போடிச் சரிவுகளில் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதத் தொடங்கினால், அதனினும் சிறந்த அஞ்சலி யாது?

நாம் செய்யத்தக்கவை

1. மறைந்த ஆசிரியர் ஒருவரின் பல நூல்களை வாங்கி அடுக்குவதைவிட, ஒரு நூலைத் தொடக்கம் முதல் இறுதிவரை படித்து முடித்தல்.

2. ஆங்கில நூலாயின், இல்லத்து இளையோர் நாள்தோறும் ஒரு பக்கம் படித்துப் பெரியோர்க்குத் தமிழில் எடுத்துரைத்தல். இதனால் இருவரும் பயன் பெறுவர்.

3. வீட்டில் பெரியவர் மறைந்தபின் அவருடைய நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் பழைய தாள் கடைக்கு எடைக்குப் போடாதிருத்தல். ஒரு பட்டியல் எழுதி, நூலகத்தாரிடம் காட்டியபின்னரே முடிவு செய்க.

4. அச்சில் இல்லாத நூலைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா நூலகம், 2023-ஆம் ஆண்டு மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்றவற்றில் தேடுதல்.

5. சுருத பஞ்சமியன்று, ஓர் ஆசிரியரின் ஒரு நூலைப் பள்ளி நூலகம் ஒன்றுக்கு வழங்குதல்.

இந்திய நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘சமணமும் தமிழும்’ போன்று நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களை எவரும் அச்சிடலாம். ஏனையவற்றுக்கு உரியவரிடம் இசைவு பெறுதல் வேண்டும். பிறர் பொருளை அவர் அறியாமல் கொள்ளாதிருத்தல் நூலுக்கும் உரிய விரதமே.

சிந்தனைக்கு

அ. வளையாபதியின் ஆசிரியர் பெயரை நாம் இழந்தமைக்குக் காரணம் யாது?

ஆ. உங்கள் ஊரில் பிறந்து, அண்மையில் மறைந்த நூலாசிரியர் எவர்? அவர் நூல் உங்கள் இல்லத்தில் உள்ளதா?

இ. உங்கள் வீட்டு அலமாரியில், உங்களுக்குப் பின் எவர் கையில் சேரவேண்டும் என்று நீங்கள் கருதும் ஒரு நூல் எது? அவரிடம் அதனைச் சொல்லிவிட்டீர்களா?