கல் சொல்வதும் படம் காட்டுவதும்

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது புள்ளலூர். பட்டெடுக்க வருகிறவர்களோ கோயில் கோயிலாகச் சுற்றுகிறவர்களோ அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் பல்லவர் காலத்திலேயே பேர் வாங்கிய போர்க்களம் அது. முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவர்களை அங்கே முறியடித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1780இலும் 1781இலும் மைசூர்ப் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் அதே மண்ணில் மோதின. இத்தனை நடந்த இடத்தில் கதைகள் முளைக்காமல் இருக்குமா?

நம்பிக்கை: புள்ளலூரில் நிற்கும் இரண்டு நினைவுத் தூண்களும் 1780இல் தோற்ற கம்பெனிப் படைத் தலைவர் கர்னல் பெய்லிக்காக எழுப்பியவை.

உண்மை: பெய்லி அந்தக் களத்தில் சாகவில்லை. 1780 செப்டம்பர் 10 அன்று சிறைபிடிக்கப்பட்டு, ஸ்ரீரங்கப்பட்டினத்துச் சிறையில் 1782இல் இறந்தார். அவருடைய நினைவு மண்டபமும் அங்கேதான் இருக்கிறது. புள்ளலூர்த் தூண்கள் ஜேம்ஸ் ஹிஸ்லாப், ஜார்ஜ் பிரவுன் என்ற இரண்டு அதிகாரிகளுக்கானவை. 1781 ஆகஸ்ட் 27 அன்று மைசூரை ஆண்ட ஹைதர் அலியை எதிர்த்துக் கம்பெனித் தளபதி அயர் கூட் நடத்திய போரில் மாண்டவர்கள் அவர்கள். ஒரே ஊர், ஓராண்டுக்குள் இரண்டு போர் என்பதால் வந்த குழப்பம் இது.

நம்பிக்கை: 1780இல் மைசூர் ராக்கெட்டுகள்தான் வெற்றியைத் தேடித் தந்தன.

உண்மை: ராக்கெட்டுகள் நிஜம். இரும்புக் குழாயில் மருந்தை அடைத்ததால் அவை வெகுதூரம் பாய்ந்தன. பின்னாளில் ஆங்கிலேயர் கைப்பற்றிக் கொண்டுபோனவற்றைப் பார்த்துத்தான் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டுகளைச் செய்தார். ஆனால் அன்றைய தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் சண்டையின் நடுவே வெடித்துச் சிதறின. ஹைதரின் மகன் திப்புவின் படையோடு தந்தையின் முழுப்படையும் வந்து சேர்ந்து சுற்றி வளைத்தது. இதற்கெல்லாம் மேலாக, பக்சார் போரில் வென்று பேரெடுத்த கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ அப்போது காஞ்சிபுரத்தில்தான் இருந்தார். கர்னல் ஃபிளெட்சர் தலைமையில் ஆயிரம் பேரை அனுப்பியவர், பெரும்படையோடு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. தோல்விச் செய்தி கிடைத்ததும் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

நம்பிக்கை: ஸ்ரீரங்கப்பட்டினம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இருக்கும் ஓவியம், இந்தப் போரைப் போட்டோ பிடித்ததுபோல அப்படியே காட்டுகிறது.

உண்மை: அது போருக்குப் பிறகு, வென்ற திப்பு தன் மாளிகைக்காகத் தீட்டச் சொன்ன படம். பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடிக்கிறார் பெய்லி. போரின் நடுவே நிதானமாக ரோஜாவை முகர்கிறார் திப்பு. பெய்லி காயம்பட்டதும் பல்லக்கில் போனதும் நடந்தவை. கடித்த விரலும் ரோஜாவும், யார் பதறினார்கள், யார் பதறவில்லை என்பதற்கு ஓவியர் வைத்த அடையாளங்கள். போதாததற்கு, திப்பு இறந்த பிறகு ஆங்கிலேயர் காலத்தில் அந்தச் சுவருக்கு மறுபடி வண்ணம் பூசப்பட்டது. இன்று நாம் பார்ப்பதில் எந்தத் தீற்றல் முதல் ஓவியருடையது என்று பிரிப்பது சுலபமல்ல. வெற்றியை மைசூர் எப்படி நினைவில் வைக்க விரும்பியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. நடந்ததை நிமிஷத்துக்கு நிமிஷம் சொல்லும் சாட்சி அது அல்ல.

நம்பிக்கை: சரி, ஓவியம்தான் அப்படி; கேமரா பொய் சொல்லாது. அல்லது இதற்கு நேர்மாறாக: 2019இல் சென்னைக் கடல் நீலமாக ஒளிர்ந்த படங்கள் வெறும் கிராஃபிக்ஸ்.

உண்மை: இரண்டுமே பாதிதான் சரி. 2019 ஆகஸ்ட் 18 இரவு, சென்னைக் கடற்கரையில் அலைகள் நிஜமாகவே நீலமாக மின்னின. நாக்டிலூகா என்ற நுண்ணுயிர், அலை மடிந்து தன்னை உலுக்கும்போது சட்டென்று ஒளி விடும். ஆனால் செல்போன் கேமரா சில நொடிகளின் ஒளியைச் சேர்த்துப் பதிந்தால், கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தது படத்தில் பளீரென்று விழும். கரையில் நின்றவர் ஏமாந்ததும், படம் பார்த்தவர் சந்தேகப்பட்டதும் இதனால்தான். அதற்கு முந்தின நாள்தான் நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வரும் காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் அத்திவரதர் அனந்தசரஸ் குளத்துக்குள் திரும்பினார். இரண்டையும் முடிச்சுப் போட ஆசை வரும். ஆனால் நாக்டிலூகாவுக்கு நாற்பது ஆண்டுக் கணக்கெல்லாம் தெரியாது. தண்ணீரில் இரை மிகுந்தால் அது பெருகும், அவ்வளவுதான். மண்டபம் என்ற கடலோர ஊர்ப் பக்கத்து மீனவர்கள் இதன் பெருக்கத்தைப் பூங்கோரை என்பார்கள். அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் அது பெருகி மீன்கள் செத்து ஒதுங்கின.

தூணில் யார் பெயர், சுவரில் யார் தூரிகை, படத்தில் எத்தனை நொடி ஒளி என்று கேட்டுப் பாருங்கள். பாதி நம்பிக்கைகள் அங்கேயே தீர்ந்துவிடும்.