பழைய சங்கிலி வாள் யந்திரங்களைப் பழுது பார்த்தலும் பாதுகாத்தலும்

மரம் அறுக்கும் சங்கிலி வாள் யந்திரம் இன்று தோப்புடைய குடியானவர் பலரிடத்தும், சில ஊராட்சிகளிலும் இருந்து வருகிறது. 2018-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து, தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் பாதைகளை அடைத்தபொழுது, இதன் பிரயோஜனம் யாவருக்கும் விளங்கிற்று. ஆனால் வருஷக்கணக்காய்க் கொட்டகையில் தொங்கிய யந்திரம் அவசர நாளில் கயிற்றை இழுத்தவுடன் கிளம்புவது அரிது. ஆகையால் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன்னரே இதனைக் கவனித்தல் அவசியம்.

யந்திரத்தின் வயதைப்பற்றி மிகவும் கவலை கொள்ள வேண்டுவதில்லை. இருபது முப்பது வருஷத்துக்கு முன் செய்யப்பட்டவை கனமாயினும், நல்ல உலோகத்தில் வார்க்கப்பட்டு, எளிதிற் கழற்றி மாட்டத்தக்கவை. அவை பெரும்பாலும் கெட்டொழிவது பிஸ்டனுக்குப் போதிய எண்ணெய் கிடையாமையினாலேயே. இந்த இருவீச்சு யந்திரத்தில் உட்பாகங்களுக்கென்று தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலில் நாம் கலந்துவிடும் எண்ணெயே பிஸ்டனுக்கும் பேரிங்குகளுக்கும் செல்கிறது. எனவே, பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால், சூடு ஏறும்; அதே சமயத்தில் எண்ணெயும் குறையும். அப்பொழுது யந்திரம் வழக்கத்தினும் விரைவாய், உயர்ந்த குரலில் ஓடும். அதைக் கேட்டுச் சொந்தக்காரர் மகிழ்வதுண்டு. சில நிமிஷங்களில் பிஸ்டன் இறுகி நின்றுவிட்டால், அதனையும் சிலிண்டரையும் மாற்ற ஆகும் செலவு பழைய யந்திரத்தின் விலையையே எட்டிவிடும்.

பழைய யந்திரம் ஒன்றை வாங்கினாலும், நெடுநாள் கிடந்ததை எடுத்தாலும், கயிற்றை இழுக்குமுன் சைலன்ஸரைக் கழற்றி, உள்ளே பிஸ்டனை வெளிச்சத்தில் நோக்குக. புகை வெளியேறும் பக்கத்தில் மேலும் கீழுமாய்க் கீறல்கள் காணப்படின், சூட்டினாலோ எண்ணெய்க் குறைவினாலோ நேர்ந்ததென்று அறியலாம். காற்று நுழையும் பக்கத்தில் மங்கித் தேய்ந்திருப்பின், கிழிந்த பில்டர் வழியே தூசி சென்றிருக்கிறது. இரண்டுமின்றி வழவழப்பாயிருந்தால், மேற்கொண்டு செலவு செய்யத் தகும்.

பெட்ரோலைப்பற்றி இக்காலத்தில் விசேஷமாய்ச் சொல்ல வேண்டியதுளது. 2025-க்குள் இந்திய நாட்டில் பங்க்குகளில் விற்கும் பெட்ரோல் 20 சதவீதம் எத்தனால் கலந்ததாய் ஆகிவிட்டது. இவ்வகை யந்திரம் செய்யும் பெரிய கம்பெனிகளோ 10 சதவீதத்துக்கு மேற்படாதிருக்க வேண்டுமென்று கூறுகின்றன. பழைய ரப்பர்க் குழாய்களையும் கார்புரேட்டரிலுள்ள மெல்லிய டயாப்ரத்தையும் எத்தனால் இறுக்கியோ உப்பச் செய்தோ கெடுக்கும். தன்னகத்தே பிராணவாயு உடையதாதலால், அதே திருகு நிலையில் கலவையைக் காற்று மிகுந்ததாக்கும். அன்றியும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் அளவு கடந்தால், நீரும் எத்தனாலும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். நாம் கலந்த எண்ணெய் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். உறிஞ்சும் குழாயின் நுனியோ அடியிற் கிடக்கிறது. எண்ணெயற்ற அந்த நீரை முதலில் குடிக்கும் யந்திரத்தின் கதியைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே இரண்டு மூன்று வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலந்து, ஒவ்வொரு முறையும் நன்றாய்க் குலுக்கி ஊற்றுதல் வேண்டும்.

எண்ணெயின் அளவிலும் ஜாக்கிரதை தேவை. பழைய கையேடுகளில் 16 பங்கு அல்லது 25 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்றிருப்பது அக்காலத்து எண்ணெயைக் கருதி எழுதியது. இப்பொழுது கிடைக்கும் உயர்தர இருவீச்சு எண்ணெயில் லிட்டருக்கு 20 மில்லி போதுமென்பர். பழைய யந்திரத்துக்கு 25 மில்லி விடுவது என் வழக்கம். மிகுதியாய் விட்டால் நலமென்று எண்ணுவது தவறு. எண்ணெய் கூடிய அளவுக்குப் பெட்ரோல் குறைவதுடன், புகைவழியில் கரியும் அடையும்.

அடுத்துக் குழாய்களை வளைத்துப் பார்த்து, வெடித்திருந்தால் எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய் போடுக. தொட்டிக்குள்ளிருக்கும் சிறு பில்டரையும் மாற்றுக. கார்புரேட்டரின் டயாப்ரம் துணிபோல் மெத்தென்றிருக்க வேண்டும். காகிதம்போல் சலசலத்தால் பயனில்லை. இதற்கான கிட் கார்புரேட்டரின் பெயரும் எண்ணும் சொன்னால் கிடைக்கும்.

இதன்பின் காற்றுக் கசிவைச் சோதிக்க. சூடான யந்திரத்தைத் தணிந்த வேகத்தில் ஓடவிட்டு, பக்கவாட்டில் இருபுறமும் சாய்த்துப் பார்த்தால் ஒரே சீராய் ஓட வேண்டும். சாய்க்கும்பொழுது வேகம் ஏறினாலும், விசையை விட்டபின் வேகம் இறங்கத் தாமதித்தாலும், கிராங்க் அச்சின் ஆயில் சீல் வழியாகவோ, சிலிண்டரின் அடிப்பாகத்திலோ காற்று நுழைகிறதென்று சந்தேகிக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் துவாரங்களை அடைத்துக் கைப்பம்பினால் காற்றழுத்தமும் வெற்றிடமும் ஏற்றிப் பார்ப்பர். கசிவை அடைக்காமல் கார்புரேட்டரின் திருகை மட்டும் திறந்துவிடுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதற்கொப்பாகும். அரைகுறையாய்த் தொழில் தெரிந்தவர்கள் இதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

திருகுகள் கடைசியில் தொடத்தக்கவை. எல், எச் என்று எழுத்திட்ட இரண்டையும் வலப்புறமாய் மெல்ல முட்டும்வரை திருப்பி, ஒவ்வொன்றையும் ஒரு முழுச் சுற்றுத் திறந்து, யந்திரத்தைச் சூடாக்குக. எல் திருகு தணிந்த வேகத்துக்கும், எச் திருகு முழு வேகத்துக்கும் உரியவை. சில விநாடிகள் மட்டும் முழு வேகத்தில் ஓட்டும்பொழுது குரல் சற்றுத் தடுமாறிக் கரகரப்பாயிருந்து, மரத்தில் வைத்தவுடன் தெளிய வேண்டும். வெறுமனே ஓடும்பொழுதே குரல் கீச்சென்று தெளிந்திருந்தால், எச் திருகை இன்னும் சிறிது திறக்க. தணிந்த வேகத்தில் சங்கிலி நகரக் கூடாது.

மின்பொறி விஷயத்தில் சொல்ல வேண்டியது கொஞ்சமே. ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி சாதாரணமாய் 0.5 மில்லிமீட்டர். பாயிண்டு வைத்த மிகப் பழைய மாதிரிகளில் பாயிண்டின் முகத்தைச் சுத்தம் செய்து, ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் வைத்தால் போதும்.

இனி சங்கிலி. 1947-இல் அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்பவர், மரத்தைக் குடையும் வண்டுப்புழு இடமும் வலமுமாய்க் கடித்துச் செல்வதைக் கண்டு, அவ்வாறே பற்களை அமைத்தார். இன்றைய சங்கிலிகள் அவ்வழி வந்தவையே. கூரான பல் மரத்தைச் சீவலாய் எறியும். மாவாய் உதிர்ந்தால் பல் மழுங்கிவிட்டது. மழுங்கிய சங்கிலியை அழுத்தி அறுப்பவர் யந்திரத்தைச் சுட்டுக் கெடுப்பதுடன், தமக்கும் அபாயம் தேடிக்கொள்வார். தென்னையின் அடிப்பகுதியில் ஒட்டிய மணலும் மண்ணும் ஒரே அறுப்பில் பல்லைத் தின்றுவிடும். அரிவாளால் சுரண்டிய பின்னரே வைக்க வேண்டும். அரம் சங்கிலியின் அளவுக்கேற்றதாயிருத்தல் அவசியம். 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரமும், 0.404 அங்குலத்துக்கு 5.5 மில்லிமீட்டர் அரமும் உரியன. அளவு தெரியாவிடின், அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் தூரத்தை அளந்து பாதியாக்கிக் கொள்க. 30 பாகைச் சாய்வில், உள்ளிருந்து வெளியாகத் தள்ளும்பொழுது மட்டும் அராவி, எல்லாப் பற்களையும் ஒரே நீளமாக்குக. ஒரு பக்கத்துப் பல் குட்டையானால் வாள் கோணலாய் ஓடும்.

சங்கிலிக்கு வண்டியிலிருந்து வடித்த கரிய எண்ணெயை விடும் வழக்கம் நம் பக்கத்தில் மிகுதி. அதிலுள்ள உலோகத்தூள் எண்ணெய்ப் பம்பையும் தகட்டின் தடத்தையும் தேய்க்கும், தோலுக்கும் ஆகாது. சங்கிலிக்கென்று விற்கும் எண்ணெயையே விடுக. நுனியை வெள்ளைக் காகிதத்துக்கு நேரே காட்டி ஓட்டினால், எண்ணெய்க் கோடு விழ வேண்டும். சங்கிலி ஓடும் நீண்ட தகட்டை அராவுந்தோறும் தலைகீழாய் மாற்றி மாட்டினால் இருபுறமும் சமமாய்த் தேயும்.

கடைசியாக, உயிரைப்பற்றிய விஷயம். சங்கிலியை உடனே நிறுத்தும் பிரேக் 1970-களின் தொடக்கத்தில்தான் வரத்தொடங்கிற்று. அதற்கு முற்பட்ட மாதிரிகளிலும், சில மலிவான போலிகளிலும் அது இராது. நுனி மரத்திற்பட்டு யந்திரம் முகத்தை நோக்கி எறியப்படும்பொழுது, பிரேக் இல்லாதது ஆளைக் கொல்லும். அப்படிப்பட்டதை எவ்வளவு நன்றாய் ஓடினாலும் கூலியாளிடம் கொடுக்கலாகாது. பிரேக் உள்ளதை வேலைக்குமுன் ஒரு முறை இயக்கி, சங்கிலி சட்டென்று நிற்கிறதா என்று பார்க்க. அதிர்வைத் தாங்கும் ரப்பர்கள் கிழிந்திருந்தால் மாற்றுக. நெடுநாள் அதிர்ச்சியில் வேலை செய்வோரின் விரல்கள் வெளுத்து மரத்துப் போகும்.

வேலை முடிந்து எடுத்து வைக்குமுன் தொட்டியைக் காலி செய்து, மிச்சம் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துக. ஊராட்சிச் சாமான் ஜாபிதாவில் யந்திரத்தை மட்டும் எழுதாமல், உதிரிச் சங்கிலி ஒன்று, அளவுக்கேற்ற அரம், பிளக், கயிறு, கலவை டப்பா இவற்றையும் சேர்த்தெழுதி, கலந்த தேதியை டப்பாவின் மேல் குறித்து, புரட்டாசியில் ஒரு நாள் யாவற்றையும் வெளியே எடுத்து ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்தல் நலம்.